திருகாணி எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது

கேள்வி: எனக்கு 58 வயது. ஓசூர் சிப்காட்டில் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் வேலையிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். பம்பு, பொதி கட்டும் இயந்திரம், பழக்கூழ் ஆலை இயந்திரங்கள் என்று முப்பது ஆண்டுகள் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். வாழ்வதெல்லாம் கிருஷ்ணகிரியில், தமிழில். கதை எழுதும் ஆசை சிறுவயதிலிருந்தே உண்டு. இப்போது மூன்று கதைகள் எழுதிவிட்டேன். படித்த நண்பர்கள் ‘எல்லாம் தெளிவாக இருக்கிறது’ என்கிறார்கள். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. ஒரு கதையை இணைத்திருக்கிறேன். பழைய தொழில் பழக்கத்தை முழுவதும் மறந்தால்தான் கதை கைகூடுமா? என்னைப் போல் வந்தவர்கள் யாராவது உண்டா? அதியமான் ஆண்ட தகடூரை வைத்து ஒரு பெரிய சரித்திர நாவல் எழுதும் திட்டமும் இருக்கிறது. இப்போதே தொடங்கலாமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் நண்பர்கள் சொன்னது பொய்யில்லை. கதை தெளிவாகத்தான் இருக்கிறது. அதற்கு வந்திருக்கும் நோயும் அதுதான் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் சின்னக் கேள்வியை முடித்துவிடுகிறேன். வந்தவர்கள் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பின்சன் 1960களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தவர். ஜார்ஜ் சாண்டர்ஸ் 1989 முதல் 1996 வரை ஒரு பொறியியல் நிறுவனத்தில் அறிக்கை எழுதினார். டெட் சியாங் மென்பொருள் துறையில் கையேடு எழுதியே நெடுங்காலம் பிழைத்தார். இதில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் தெம்பு மட்டுமே. அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காக நம் கதை தானாக எழுந்து நடந்துவிடாது.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் உச்சத்தில் இருக்கிறது, வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இரவு ஷிப்டில் பழம் தரம் பிரிக்கும் பெல்ட்டில் நிற்கும் ஒரு பெண்ணின் தோட்டுத் திருகாணி காணாமல் போகிறது. ஆலைக்குள் நகை போடக்கூடாது. சொன்னால் பெல்ட் நிற்கும், அதுவரை ஓடிய கூழ் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும், அவள் வேலை போகும். சொல்லாவிட்டால், எங்கோ ஒரு குழந்தை குடிக்கும் பழச்சாற்றில் அது கிடக்கலாம்.

இதைவிட நல்ல கரு இந்த ஆண்டு என் மேசைக்கு வரவில்லை. முகத்துக்காகச் சொல்லவில்லை. இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர் கண்ணில்தான் இந்தத் திருகாணி படும். என்னைப் போல் தருமபுரியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதி திருத்துகிறவர்களுக்கு எத்தனை யோசித்தாலும் வராது.

ஆனால் எட்டுப் பக்கக் கதையில் திருகாணி காணாமல் போவது ஐந்தாம் பக்கத்தில். அதற்கு முன் என்ன இருக்கிறது? உங்கள் பத்தி ஒன்றை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

“டிராக்டர்களில் வந்திறங்கும் பழங்கள் முதலில் பழுக்கவைக்கும் கூடத்தில் வைக்கப்படுகின்றன. பழுத்தபின் கழுவப்பட்டு, தரம் பிரிக்கும் பெல்ட்டுக்கு அனுப்பப்படுகின்றன. அழுகிய பழங்கள் பெண் தொழிலாளர்களால் அகற்றப்படுகின்றன. பின்னர் கொட்டை நீக்கப்பட்டு, சதைப்பகுதி 0.8 மி.மீ. சல்லடை வழியாகச் செலுத்தப்படுகிறது. அந்நியப் பொருள் கலப்பதைத் தவிர்க்கும் பொருட்டு ஆலைக்குள் நகை அணிவது தடைசெய்யப்பட்டுள்ளது.”

ஒரு பிழை கிடையாது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவரிடம் கொடுத்தால் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வார். ஆனால் இந்தப் பத்தியில் ஆள் நடமாட்டமே இல்லை. பழங்கள் யாரோ தூக்காமலே இறங்குகின்றன, கழுவப்படுகின்றன, போகின்றன. ஒருவருக்கும் கால் கடுக்கவில்லை, ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் தொழில் தர்மம் குறுக்கே வந்து நிற்கிறது. எச்சரிக்கை எப்போதும் அந்த வேலைக்கு முன்னால் வர வேண்டும் என்பது கையேட்டு விதி. மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, பிறகு ‘மின்னிணைப்பைத் துண்டிக்கவும்’ என்று எழுதினால் ஆள் போய்விடுவார். அந்தக் கவனம் உங்கள் விரலில் ஊறிவிட்டது. ஆகவே நகைத் தடையை மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். அதைப் படித்தவுடன், யாரோ நகையைத் தொலைக்கப் போகிறார்கள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு பக்கங்களும் அவர் பஸ் நிலையத்தில் நிற்கிற ஆளாகிவிடுகிறார்.

முடிவில் என்ன செய்திருக்கிறீர்கள்? காலையில் சல்லடையைக் கழற்றிக் கழுவும்போது திருகாணி கிடைக்கிறது. மேற்பார்வையாளர் புத்தி சொல்லி மன்னிக்கிறார். இனி விதிகளை மதிப்பேன் என்று அவள் கண் கலங்குகிறாள். பிரச்சினை, காரணம், தீர்வு என்று கையேட்டின் கடைசியில் ஓர் அட்டவணை போடுவீர்களே, அதன் மூன்று கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

என் ஆலோசனை மொத்தமும் ஓர் இடத்தைப் பற்றியதுதான். கையேடு எழுதுபவர் தமக்குத் தெரிந்ததைத் தேவைப்படுகிறவருக்கு, தேவை வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். எதையாவது மறைத்தால் அது குற்றம். கதையிலோ, யாருக்கு எது எப்போது தெரியும் என்பதை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது.

சல்லடைக் கண் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது, திருகாணி அதற்குள் நுழையாது, கூழோடு போக வழியில்லை, நாரோடும் தோலோடும் ஒதுங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் குழந்தைக்கும் ஆபத்தில்லை என்று நிம்மதியாக எழுதிக்கொண்டு போகிறீர்கள். அவளுக்கு அது தெரியாது. பெல்ட்டில் நிற்பவளுக்குப் பழம் உருண்டு விழும் தொட்டி வரைக்கும்தான் ஆலை. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று யாரும் அவளை அழைத்துப்போய்க் காட்டியதில்லை. நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து ஷிப்ட் முடியும் வரை அவள் சுமக்கிற பயம் முழுவதும் அந்தத் தெரியாமையிலிருந்து வருவது. நீங்கள் 0.8 என்ற எண்ணை முன்கூட்டியே கொடுத்து, வாசகரின் வயிற்றில் இருக்க வேண்டிய கலக்கத்தை எடுத்துவிட்டீர்கள்.

அப்படியானால் அந்த எண்ணை நீக்கிவிடலாமா? வேண்டாம். அது யாரிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். உங்கள் கதையில் ஸ்பேனரோடு குறுக்கே போகும் ஒரு ஃபிட்டர் பையன் இருக்கிறான். காரணமே இல்லாமல் இரண்டு இடத்தில் வந்து போகிறான். அவனுக்குத் தெரியும். அவனிடம் கேட்டால் ஒரு வரியில் அவள் பயம் தீர்ந்துவிடும், கேட்டால் மாட்டிக்கொள்வாள். இப்போது அந்த எண்ணுக்கு என்ன விலை ஏறிவிட்டது பார்த்தீர்களா? அவள் எப்படிக் கேட்கிறாள், வேறு எதையோ கேட்பதுபோல் சுற்றி வளைத்துக் கேட்கிறாளா, அவன் பாதியில் சிரித்துவிடுகிறானா, புரிந்துகொண்டும் புரியாததுபோல் போய்விடுகிறானா – எட்டுப் பக்கமும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு பத்தியை எழுதிக் காட்டுகிறேன். எடுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள், ஆலையைப் பார்த்த உங்கள் கை இதைவிட நன்றாக எழுதும்.

“வளையலும் மோதிரமும் வாசலிலேயே பைக்குள் போய்விட்டன. தோட்டை மட்டும் குல்லா மறைத்துக்கொண்டது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து நின்றபோது இடது காது லேசாக இருந்ததுபோல் தோன்றியது. இரண்டு கையுறையிலும் பழச்சாறு. தோளைத் தூக்கிக் காதை அதில் அழுத்திப் பார்த்தாள். தோட்டின் தண்டு சுருக்கென்று குத்தியது. திருகாணி இருந்தால் குத்தாது. பெல்ட்டில் பெங்களூரா வந்துகொண்டே இருந்தது. ஒன்றை எடுத்துப் புரட்டி, அழுகல் இல்லை என்று திரும்ப வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.”

நகைத் தடை பற்றி இதில் ஒரு வாக்கியமும் இல்லை. குல்லா மறைத்துக்கொண்டது என்றவுடனே விதியும் தெரிந்துவிடுகிறது, அவள் அதை மீறியதும் தெரிந்துவிடுகிறது. உங்கள் துல்லியத்தில் நான் கையே வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கையுறை, குல்லா, பழத்தின் ரகம் எல்லாம் இருக்கின்றன. எல்லாம் அவள் உடம்பை ஒட்டி வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே, பழைய பழக்கத்தை மறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், தயவுசெய்து மறந்துவிடாதீர்கள் என்பதுதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கதையின் தொடக்கத்தில் ‘வானமென்னும் கருநீலப் பட்டில் வைரங்களை வாரியிறைத்த இரவு’ என்று ஒரு வரி வருகிறது. இலக்கியம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். அந்த வைரங்கள் யாருடையவையும் இல்லை. யார் கதையில் வேண்டுமானாலும் கொட்டிக்கிடக்கும். பேரிங் போகப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்களோடு முப்பது ஆண்டுகள் பழகியவர் நீங்கள். அந்தச் சத்தத்தை எழுதுங்கள். வேறு துறையிலிருந்து எழுத வருகிறவர்கள் தம் கைச்சரக்கை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, இரவல் நகை போட்டுக்கொண்டு உள்ளே வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எரிச்சல் வருகிறது.

உங்கள் வாக்கியங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். காரணத்தை ஊகிக்க முடிகிறது. விமானத் துறைக்காக உருவாகிப் பிறகு மற்றத் தொழில்களுக்கும் பரவிய எஸ்டிஇ (எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்) என்ற கட்டுப்பாட்டு ஆங்கிலத்தில், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25 சொற்களைத் தாண்டக்கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று சட்டம் உண்டு. அந்த வழியில் பயின்ற கை, வாக்கியத்தைத் தானாகவே நறுக்கிவிடும். பயந்துபோன மனம் அந்த நீளத்தில் ஓடாது. திருகாணி எங்கே விழுந்திருக்கும் என்று அவள் பின்னோக்கித் தேடும் இடத்தில், டீக்கடை, கழிப்பறை, வேனில் தலை சாய்ந்த ஜன்னல் கம்பி, வீட்டில் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்ட நேரம் என்று ஒரே வாக்கியமாக மூச்சு முட்ட ஓடவிடுங்கள். பிறகு குட்டையாக நிறுத்துங்கள். அதே சட்டத்தின் இன்னொரு பாதியையும் தளர்த்த வேண்டும்: ஓர் உறுப்புக்குக் கடைசி வரை ஒரே பெயர் என்பது கையேட்டுக்குச் சரி. ஃபிட்டர் ‘பல்பர்’ என்று சொல்லும் கூழாக்கும் இயந்திரத்தை அவளும் ‘பல்பர்’ என்றே நினைத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அவளுக்கு ஏன் பெயர் இல்லை? எட்டுப் பக்கமும் ‘அந்தப் பெண் தொழிலாளி’ என்றே வருகிறது. கையேட்டில் ‘இயக்குபவர்’ என்று யாரும் பொருந்தும்படி ஒருவர் இருப்பார். அவருக்கு முகம் இருந்தால் தொல்லை. இவளுக்குப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும். அந்தத் தோடு யார் வாங்கிக் கொடுத்தது, எந்தக் கடனில் அடகுக்குப் போய் மீண்டது என்பது உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். எழுத வேண்டும் என்பதில்லை. பெயரை நான் வைத்துக்கொடுக்க முடியாது.

உரையாடலில் இரண்டு குறைகள். கேட்ட கேள்விக்கு எல்லாரும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள். ‘ஏன் தாமதம்?’ என்றால் ‘வேன் பழுதாகிவிட்டது’ என்று வருகிறது. வாழ்க்கையில் ‘ஏன் தாமதம்?’ என்று மேற்பார்வையாளர் கேட்டால், ‘நேற்றுக் கூட ஒரு மணி நேரம் அதிகம் நின்றேனே’ என்று வரும். கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று தொடாமல் போகும் இடத்தில்தான் மனிதர்கள் வெளிப்படுகிறார்கள். இரண்டாவது, உங்கள் ஆலையில் எல்லாரும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலையில் அது நடக்கிற காரியமா? வீட்டில் தெலுங்கு, மண்டியில் உருது, ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று வாழ்கிற மக்கள். பக்கம் பக்கமாகத் தெலுங்கை எழுத வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் பெண்களைத் தமிழில் திட்டிவிட்டு, முதலாளியின் போன் வந்ததும் தெலுங்குக்கு மாறிக் குழைகிறார் என்று ஒரே ஒரு இடத்தில் சொன்னால் போதும், அந்த ஆலையில் யார் யாருக்கு அடங்கியவர் என்பது விளங்கிவிடும்.

முடிவைப் பற்றி: திருகாணி கிடைக்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கிடைத்தால் அது அவளுக்குத் தெரியாமல் கிடைக்கட்டும். சல்லடையைக் கழுவும் ஃபிட்டர் கையில் கிடைத்து, அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்போது அவள் வேனில் ஏறிக்கொண்டிருக்கட்டும். திருப்பிக் கொடுப்பானா, அதைச் சாக்கிட்டு அவளை மிரட்டுவானா, தூக்கிப் போட்டுவிடுவானா? அவனை நன்றாக யோசித்தீர்களென்றால் பதில் தானாக வரும். இப்படித்தான் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. மன்னிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். இரவு ஷிப்டில் அவ்வளவு நல்ல மேற்பார்வையாளரை நான் பார்த்ததில்லை.

இனி தகடூர். ஓய்வு பெற்றதும் சரித்திர நாவலுக்குக் கால்கோள் இடுவது நம் பக்கத்தில் ஒரு தொற்று. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் அதியமான் மேல் உள்ள ஆசை பிரியவில்லை போலிருக்கிறது. இப்போது தொடங்காதீர்கள். காரணம் எளிது: நெல்லிக்கனி, தொண்டைமானிடம் ஔவை போன தூது, பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றது என்று செய்தி குவிந்து கிடக்கிறது. சேகரித்ததையெல்லாம் விளக்கிவிடும் பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. அறுநூறு பக்கம் அரண்மனைக்குக் கையேடு எழுதிவிடுவீர்கள்.

அதற்குப் பதில், ஒரு நாள் தருமபுரிக்கு பஸ் ஏறி வந்து அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களுக்கு முன் சற்று நில்லுங்கள். நடுகல் கல்வெட்டும் ஒருவகையில் உங்கள் தொழில்தான். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எதற்காகப் பட்டான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளுக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாகவே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஆண்டும் அரசனும் பல கல்லிலும் உண்டு. இந்தக் கல்லை மறக்க முடியாமல் செய்வது நாயின் பெயர். கருங்கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. அந்த உழைப்பை ஒரு நாய்க்குச் செலவிட யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆயிரம் செய்தியில் எதற்குக் கல்லையும் கையையும் செலவிடுவது என்ற அந்த முடிவு உங்களுக்குப் பழகிய பிறகு நாவலுக்குப் போகலாம். போகும்போது அரண்மனையில் தொடங்காமல், முனை முறிந்த வேல்கள் பழுதுபார்க்கக் காத்துக்கிடக்கும் கொல்லன் பட்டறையில் தொடங்குங்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன, அதியமானுடையவையோ நுனி சிதைந்து பட்டறையில் கிடக்கின்றன என்று தொண்டைமான் முகத்துக்கு நேரே ஔவை சொன்னதாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பராமரிப்புப் பிரிவு உங்களுக்குத் தெரிந்த இடம்.

தினம் எத்தனை சொல் எழுத வேண்டும் என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கணக்கு வேண்டாம். அலுவலகத்துக்குப் போன நேரத்திலேயே உட்காருங்கள், உடம்பு பழகியிருக்கும்.

யாரிடம் காட்டுவது என்பதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கப்போகிறது. கையேட்டை வடிவமைப்பாளரும் தரப்பிரிவும் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போடுவார்கள். கதைக்கு அப்படி ஒருவரும் கிடையாது. ஆனால் உங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: கையேட்டை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பது. அதையே செய்யுங்கள். கதையை ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். குரல் எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே கண் இரண்டு வரியைத் தாண்டுகிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாக இருக்கிறது என்று சொன்ன நண்பர்களை இதற்குக் கூப்பிட வேண்டாம். மாங்கூழ் ஆலையில் நின்ற ஒரு பெண்மணி கிடைத்தால் மிகவும் நல்லது. கூலி கொடுத்துக் கேளுங்கள், அவர் நேரம் இலவசமில்லை.

திருத்திய கதையை எனக்கு அனுப்பலாம். இதழ்களுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வராமலே போவது இங்கே சாதாரணம்; மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். கதையோடு கதையின் நோக்கத்தை விளக்கி நீங்கள் வைத்திருக்கும் அந்த ஒரு பக்க முன்னுரையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பதிப்பாசிரியர், தருமபுரி